நூறாவது கோல்

"ஒரே ஒரு பந்து. ஒண்ணே ஒண்ணை விட்டா இவ குடி முழுகிடுமா?"

கேலரியின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அப்பா கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார். "கீப்பர் மேல என்ன சார் அவ்வளவு கோபம்? தெரிஞ்ச பொண்ணா?"

"இன்னிக்குக் காலைல வரைக்கும் என் பொண்ணா இருந்தா."

"அப்போ எதிர்ல அடிச்சுக்கிட்டு இருக்கிற ஃபார்வர்ட்?"

"அவளும் என் பொண்ணுதான். பெரியவ."

பக்கத்து சீட்காரர் மெல்ல ஒரு சீட் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பெரியவள் பதினான்கு வருஷமாக இந்தப் பெண்கள் கால்பந்து லீக்கில் ஃபார்வர்ட். குறுக்கே யார் வந்தாலும் நிற்க மாட்டாள் என்பதால் ரசிகர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ரயில்'. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்றோடு ஓய்வு. இதுவரை தொண்ணூற்றொன்பது கோல். இன்று இன்னும் ஒன்று விழுந்தால் நூறு. அந்த லீக்கில் எந்தப் பெண்ணும் தொடாத நூறு.

சாம்பியன் பட்டம் போன வாரமே பெரியவளின் கிளப்புக்குப் போய்விட்டது. இந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் ஒன்றும் மாறப் போவதில்லை. எல்லோரும் வந்திருப்பது அந்த நூறைப் பார்க்கத்தான். எதிர் அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைப் பார்க்க விடாமல் செய்வது கூடப்பிறந்த தங்கை.

முதல் பாதியில் பெரியவள் நான்கு தடவை அடித்தாள். நான்கையும் சின்னவள் தடுத்தாள். அதுவும் சும்மா இல்லை. காற்றில் படுத்து, விரல் நுனியில் தட்டி, விழுந்து புரண்டு. மைதானமே எழுந்து நின்று கைதட்டியது, அப்பாவைத் தவிர.

"கைதட்டுங்களேன். நம்ம பொண்ணுதானே பிடிச்சா" என்றாள் அம்மா.

"நம்ம பொண்ணு அடிச்சதைத்தானே பிடிச்சா?"

அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டினாள்.

இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு. அவற்றையும் சின்னவள் விடவில்லை. அப்பா பள்ளிக்கூட பஸ் டிரைவர். நாற்பது குழந்தைகள் காதுக்குப் பின்னால் கத்தினாலும் முகம் சுளிக்காத மனிதர். இப்போது வரிசைக் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

எண்பத்தெட்டாவது நிமிஷம், பெரியவளுக்குப் பெனால்டி கிடைத்தது.

பெரியவள் பந்தை வைத்தாள். சின்னவள் கையை விரித்து நின்றாள்.

"அம்மாடி, நகராதே. சிலை மாதிரி நில்லு" என்று அப்பா முணுமுணுத்தார்.

பெரியவள் ஓடிவந்து அடித்தாள். சின்னவள் வலது பக்கம் பாய்ந்து, பந்தைக் கம்பத்துக்கு வெளியே குத்தித் தள்ளினாள்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. தொண்ணூற்றொன்பது தொண்ணூற்றொன்பதாகவே நின்றது.

"இன்னிக்கு வீட்ல அவளுக்குச் சாப்பாடு கிடையாது" என்றார் அப்பா.

"சமைக்கிறது நான்" என்றாள் அம்மா.

உடைமாற்றும் அறைக்கு வெளியே அப்பா காத்திருந்தார். சின்னவள் கையுறையைக் கழற்றியபடி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வா தாயே. அக்காவோட நூறை முழுங்கியாச்சு, வயிறு நிறைஞ்சுதா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண்மணி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தேசிய அணியின் தேர்வாளர்.

"மூணு வருஷமா உன்னைப் பத்தி யோசிச்சுக்கிட்டே இருந்தோம்மா. இன்னிக்குதான் கடைசியாப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன். ரயிலையே நிறுத்திட்டே. அடுத்த வாரம் முகாமுக்கு வந்துடு."

அவர் போன பிறகும் அப்பாவால் முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய முடியவில்லை.

அதற்குள் பெரியவள் நொண்டியபடி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். "போட்டாச்சா பேரு? ரெண்டு நாளா அந்தம்மா வர்றாங்கன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

"சிரிக்காதே" என்றார் அப்பா. "உன் நூறு போச்சு."

"தொண்ணூத்தொம்பது என்ன கெட்ட நம்பராப்பா?"

ரசிகர்கள் கூப்பிட, கையெழுத்துப் போட அவள் போய்விட்டாள். அப்பா இன்னும் ஆறவில்லை.

"பாத்தியா? அவ மனசு எங்கே, உன் மனசு எங்கே? அக்கான்னு ஒரு நிமிஷம் நினைச்சியா?"

சின்னவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வலது பக்கம் வந்தா எதையும் பிடிச்சிடுவேன்ப்பா. இடது பக்கம் கீழ் மூலைல அடிச்சா மட்டும் இன்னும் பிடிக்க வரல. அது உலகத்துலயே ஒருத்திக்குத்தான் தெரியும். பத்து வருஷமா வீட்டுப் பின்னாடி எனக்குப் பந்து அடிச்சுப் பழக்கினவளுக்கு."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஏழு அடிச்சா. ஒண்ணுகூட அந்தப் பக்கம் வரலப்பா."