புகை வால்வு

"அந்தப் புகை வால்வைக் கழட்டி எறிஞ்சிடுங்க மாஸ்டர். மேடு ஏற மாட்டேங்குது வண்டி" என்றார், பழைய டீசல் காரில் வந்திறங்கிய வக்கீல்.

மாஸ்டர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சாயங்காலம் வரச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

மெக்கானிக் ஷெட்டின் மூலையில் பில் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வால்வு கைக்கு அடக்கமான ஓர் இரும்புத் துண்டு. எஞ்சின் விடும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பி, வெளியே போகிற நச்சைக் குறைக்கும். அதில் கரி அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காது. ஒரேயடியாகக் கழட்டிவிட்டால் வண்டி பாயும், தெரு இருமும். சட்டப்படி தப்புதான். ஆனால் கேட்டவரே வக்கீல், யார் என்ன சொல்ல முடியும்?

தெரு இருமுவது இருக்கட்டும். ஷெட்டுக்கு மேல்மாடியில்தான் அவர்கள் குடித்தனம். அந்த அம்மாளுக்கோ பல வருஷத்து இளைப்பு. இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் படியேறுவாள்.

எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டாள். "நாம முடியாதுன்னா எதிர் ஷெட்டுல கழட்டிக்கப் போறாங்க" என்பார் மாஸ்டர். தப்பு செய்கிற எல்லாரும் கைவசம் வைத்திருக்கிற பதில்தானே இது!

வால்வு வேலை என்றால் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். கரி பறக்கும், மேலே போ என்று அவளையும் விரட்டிவிடுவார். குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

சாயங்காலம் வக்கீல் வந்தார். கழட்டின சாமானை வண்டிக்காரர் கையில் வைத்துக் காட்டுவது இந்த ஷெட்டின் பழக்கம். மாஸ்டர் கரி படிந்த ஒரு வால்வைக் கொடுத்தார். வக்கீல் அதைப் பிடுங்கின சொத்தைப் பல் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார்.

"இங்கேயே இருக்கட்டும் சார். வருஷாந்திரப் புகைச் சோதனை வரும்ல, அதுக்கு முன்னாடி கொண்டு வாங்க, மாட்டித் தர்றேன். முடிஞ்சதும் திரும்பக் கழட்டிக்கலாம்."

வக்கீலுக்கு ஏகத் திருப்தி. தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, வண்டி பறக்கிறது, எஞ்சின் சத்தமே மாறிவிட்டது என்று மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சோதனையையும் ஏமாற்ற வழி சொல்லிக் கொடுக்கிறாரே என்று அந்த அம்மாளுக்கு ஆறவேயில்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள். "உனக்கு மூச்சு முக்கியமா, அந்த ஆள் முக்கியமா? கிளம்பி வா" என்றார் அண்ணன்.

மறுநாள் காலையில் பெட்டி கட்டிவிட்டாள். சும்மா போகவும் மனசில்லை. மாஸ்டர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்துப் பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூப்பிட்டாள். கழட்டின வால்வு அத்தனையையும் எடைக்குப் போட்டுவிட்டால், சோதனையில் மாட்ட வால்வு இல்லாமல் ஒவ்வொருத்தரும் மாட்டிக்கொள்ளட்டும் என்று கணக்கு.

மாஸ்டர் வால்வு வைக்கிற அலமாரியைத் திறந்தாள். உள்ளே இருந்தது ஒரே ஒரு வால்வு.

அதைக் கையில் எடுத்தபோது மாஸ்டர் வந்துவிட்டார். படிக்கட்டின் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தார். வாசலில் தராசோடு நின்ற ஆளையும் பார்த்தார்.

"மத்த வால்வெல்லாம் எங்கே? வித்தாச்சா?" என்றாள்.

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசலில் நின்றவருக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டார்.

"மொதமொதல்ல வந்த ஆள்கிட்ட கழட்டக் கூடாதுன்னுதான் சொன்னேன். தொழில் தெரியாதவன்னு திட்டிட்டு, எதிர் ஷெட்டுல போய்க் கழட்டிக்கிட்டார். இன்னிக்கும் நம்ம ஜன்னலுக்குக் கீழேதான் போய் வர்றார். அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்றதில்லை."

"நான் கேட்டது வால்வை."

"அதது அதது வண்டியிலதான் இருக்கு. உன் கையில இருக்கிறது ஏதோ ஒரு பழைய வண்டியோடது. கழட்டி, கரியைச் சுரண்டி, கழுவித் துடைச்சு, இருந்த இடத்துலயே மாட்டிடுவேன். அடைப்பு போனா வண்டி தானா இழுக்குது. சத்தம் மாறினதெல்லாம் வக்கீலுக்குத் தானாத் தோணினது."

அவள் கையிலிருந்த வால்வைத் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாள் இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று இருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ உங்க அண்ணன்கிட்ட சொல்லுவே. அவர் இந்தத் தெருவுக்கே சொல்லுவார். அப்புறம் எல்லா வண்டியும் எதிர் ஷெட்டுலதான் நிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமலும் வந்தது. இன்ஹேலரை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டாள்.

வாசலில் நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, அந்த ஒண்ணுதானா? கொடுங்க, எடை போட்டுடலாம்" என்று கையை நீட்டினார்.

அவள் வால்வை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சொன்னாள்:

"இது எடைக்கு இல்லைங்க. இது எல்லார் வண்டியிலேர்ந்தும் கழட்டினது."