புது எஞ்சினின் விரதம்

எங்கள் வேடியப்பன் சாமி மேல் சத்தியம். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

புது டிராக்டர் மலையேறி வந்த வாரம் நடந்தது இது. முதல் ஐம்பது மணி நேரம் எஞ்சினை முறுக்கக் கூடாது, பெரிய பாரம் இழுக்கக் கூடாது, ஒரே ஆள் ஓட்டினால் நல்லது என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போயிருந்தான். விரதம் மாதிரி.

அந்த ஒரே ஆள் என் மருமகள் சிவசங்கரி என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம்.

சேலைக்கு மேல் என் மகனின் சட்டையை மாட்டிக்கொண்டு அவள்தான் உழுதாள். சாமைக் கொல்லை பாதி முடிந்ததும் வண்டியை நிறுத்தினாள். சட்டைப் பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, பலாமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தாள்.

நான் ஏறி சீட்டில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்காத சீட்டு.

பக்கத்துக் கொல்லைக் கலையரசன் வரப்பில் நின்று பல்லைக் காட்டினான்.

"இன்னா பெருசு, போட்டோ புடிக்கணுமா?"

அதற்கு மேல் எவன் பொறுப்பான்?

போட்டேன் டாப் கியர்.

மேட்டில் ஏறிய வேகத்தில் கலப்பை மண்ணைக் கிளறவில்லை, சுருட்டியது. கொல்லை மொத்தமும் பாய் மாதிரி சுருண்டுகொண்டு பின்னால் வந்தது. அடியில் போன வருஷம் தொலைத்த கடப்பாரை கிடந்தது.

ரோட்டு வளைவில் பஸ் ஏற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி இழுத்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் எல்லாரும் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மனுஷன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கயிறு சும்மாதானே இருக்கிறது என்று பாறையில் மாட்டினேன். மலை நகர்ந்தது.

பெரிதாக ஒன்றும் இல்லை. சர்வே கல் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போடுவார்கள் என்று நானே பிரேக்கை மிதித்தேன்.

புது எஞ்சின் ஒரு தும்மல் போடவில்லை. விரதமாவது, மண்ணாவது! கலையரசன் பிளந்த வாயை மூடாமலே வீட்டுக்குப் போனான்.

சிவசங்கரி அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"மாமா, எறங்குங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? கண்ணுக்கு மருந்து வுடணும், வாங்க!"

இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேண்டுமானால் மருந்து இங்கே வரட்டும்.

வந்தது. படியில் ஒரு காலை வைத்து ஏறி, என் தாடையை நிமிர்த்தி, சொட்டு விட்டாள்.

குனிந்தபோது அவள் சட்டைப் பையில் டிராக்டர் சாவி கிலுங்கியது.