வாஹித் பாய் ஊற்றிய தண்ணீர்

"செல்லவே செல்லாது மிஸ்! பில்குல் செல்லாது!"

ரூபா பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். ரப்பர் பால் எடுக்கும் தம்பையாவின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் வக்கீலுக்குப் படிக்கப்போகிறாளாம். கறுப்புக் கோட்டை இப்போதே மாட்டிக்கொண்டதுபோலத்தான் பேசுவாள்.

நிக்கோபாரின் கட்சால் தீவுக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பிறகு நடக்கும் மறைக்கல்வி வகுப்பு அது. மூவொரு கடவுளைப் பற்றிச் சொன்னாலும் சரி, பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிச் சொன்னாலும் சரி, பெரிய வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவிதான் விடுவார்கள். இன்றைக்கு ஒருத்தர் கண்ணிலும் தூக்கம் இல்லை. புஷ்பா டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

டீச்சர் கேட்டது இதுதான்.

போர்ட் பிளேருக்குப் போகும் கப்பலில், நடுக்கடலில், ஒருத்திக்குக் குறைமாதப் பிரசவம். பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. கரை வரை தாங்காது. சாமியார் இல்லை. தாய்க்கோ கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. பக்கத்துப் படுக்கையில் ஒரு துணிக்கடைக்காரர், வாஹித் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் கெஞ்சுகிறாள். அவர் தன் பாட்டில் தண்ணீரைப் பிள்ளையின் தலையில் ஊற்றி, அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளைச் சொல்லித் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுக்கிறார்.

அது செல்லுமா?

வகுப்பே ரூபா பக்கம் நின்றது. ராஞ்சியிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இந்தியில் கத்தினார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன், போப்பாண்டவருக்கு எழுதிக் கேட்டுவிடலாம் என்றான்.

டீச்சர் சாக்பீஸோடு பலகைக்குப் பாய்ந்தார். தண்ணீர் தலைமேல் வழிய வேண்டும். வழிந்தது. ஊற்றுகிறவரே தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னார். திருச்சபை செய்வதையே நானும் செய்கிறேன் என்ற எண்ணம் வேண்டும்.

"அவரு முஸ்லிம் மிஸ். அந்த எண்ணம் அவருக்கு எங்கேருந்து வரும்?"

டீச்சர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். இவளை ஒத்துக்கொள்ள வைக்காமல் இன்று வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டார்.

"அவருக்கு நம்ம நம்பிக்கை இருக்கணும்னு இல்லடி. அந்தத் தாய் எதைக் கேட்டாளோ அதையே குடுக்கணும்னு மனசார நெனச்சாப் போதும். நெனச்சாரு. தப்பாச் சொன்னாத் திருத்தும்மா, திருத்தும்மான்னு கேட்டுக் கேட்டுச் சொன்னாரு."

"இது நீங்க சொல்றதா, திருச்சபை சொல்றதா?"

"திருச்சபையே சொல்றது. சாவு அவசரத்துக்கு யாரு வேணும்னாலும் குடுக்கலாம்."

ரூபா நகத்தைக் கடித்தாள். பலகையை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். வகுப்பு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்படின்னா செல்லும் மிஸ்," என்றாள்.

ஓவென்று கைதட்டல். டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குதி குதித்தார். சேலையெல்லாம் சாக்பீஸ் தூள். அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கூச்சல் அடங்கும் முன்னே ரூபா இன்னொன்றும் கேட்டாள்.

"பேரு சொல்லித்தானே ஊத்தணும்? அந்தப் புள்ளைக்கு என்ன பேரு மிஸ்?"

"ஜெசிந்தா," என்றார் டீச்சர், அதே சிரிப்போடு. "என் மூத்தவ."

டீச்சருக்கு இரண்டு பையன்கள் மட்டும்தான் என்றே அதுவரை கட்சாலில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.