செவ்வாய்க்கிழமைப் பள்ளிக்கூடம்

"உங்கட தம்பியின்ர பிள்ளைகளுக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?"

தொலைபேசியில் அம்பலவாணன் இப்படிக் கேட்டதும் கனகலிங்கத்துக்குக் காது சுட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவர்தான் தலைவர். அம்பலவாணன் பொருளாளர்.

காலையில் செவன் கிங்ஸ் ரயில் ஸ்டேஷனில் கண்டாராம். பிள்ளைகள் இரண்டும் வாளியும் கையுமாக நின்றதாம். சௌத்தெண்ட் கடற்கரைக்குப் போவதாகச் சொன்னதாம்.

"உங்கட மனிசியும் கூட நிண்டவ" என்று முடித்தார் அம்பலவாணன்.

தலைவர் வீட்டுப் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமையில் கடலாடப் போன கதை பின்னேரத்துக்குள் இல்ஃபோர்ட் முழுக்கப் பரவிவிடும். தலையிடி என்று ஒஃபிசில் சொல்லிவிட்டுக் கனகலிங்கம் காரை எடுத்தார்.

இது இன்று வந்த கோபமில்லை. தம்பி பாலேந்திரா அகதியாக வந்திறங்கியபோது குடும்பத்தோடு தன் வீட்டில் வைத்துக்கொண்டவர் அவர். தனக்குப் பிள்ளை இல்லாததால், தம்பியின் பெண்பிள்ளைகள் இரண்டையும் தானே கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, தம்பி மனைவி சந்திரவதனா அவர்களை நிறுத்திவிட்டாள்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதற்காக, பிரித்தல் கணக்குச் செய்கிற மூத்தவள் கிரிஜாவைச் சின்னப் பிள்ளைகளோடு மணி கோக்க வைத்திருக்கிறார்கள் என்றாள். ஊரில் ஆங்கிலமும் கணக்கும் படிப்பித்த நான் வீட்டிலேயே படிப்பிக்கிறேன் என்றாள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்று கவுன்சிலில் போய்க் கேட்டுக்கொண்டும் வந்தாள்.

கனகலிங்கம் கத்திப் பார்த்தார். பெற்றோல் ஸ்டேஷனில் இரண்டு ஷிப்ட் அடிக்கிற தம்பி, "அவவுக்குத் தெரியும் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஆனால் தன் மனைவி செல்வமலரையும் இழுத்துக்கொண்டு போனதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அவர் இல்லாமல் தெரு முனையைத் தாண்டாத மனிசி அவள். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. வங்கி, கவுன்சில், கடை என்று வெளிவேலை ஒன்றிலும் அவளைக் கஷ்டப்படுத்தாமல் பார்த்துக்கொண்டதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

சௌத்தெண்டில் கடல் வற்றிப் போயிருந்தது. கண்ணுக்கெட்டின தூரம் சேறு. பிள்ளைகள் இருவரும் தண்ணீர் எதுவரை போகிறது என்று தடி நட்டுக்கொண்டிருந்தார்கள். சந்திரவதனா நிலவு கடலை இழுப்பதைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் அளவு சேற்றில் நின்று செல்வமலர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவருக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது.

சப்பாத்தோடேயே சேற்றில் இறங்கினார். சந்திரவதனாவைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். படிக்க வேண்டிய பிள்ளைகளைச் சேற்றில் விட்டிருக்கிறாள், குடும்ப மானத்தை ஸ்டேஷனில் விற்றிருக்கிறாள், பாசை தெரியாதவளைக் கொண்டுவந்து தொலைக்கப் பார்க்கிறாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"இதுவும் பாடந்தான், அத்தான்" என்றாள் சந்திரவதனா. தலை குனியவில்லை.

"உம்மட பாடத்தை உம்மட வீட்டில வைச்சுக்கொள்ளும். மாசம் முடிய வேற இடம் பாருங்கோ."

சின்னவள் அழத் தொடங்கினாள். கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கொஞ்சத்தில் ஒரு பொலிஸ்காரன் வந்தான். செல்வமலரைப் பார்த்து, இந்த ஆள் உங்களுக்குக் கரைச்சல் கொடுக்கிறாரா என்று கேட்டான்.

கனகலிங்கம் தன் ஒஃபிஸ் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். இவள் என் மனைவி, இவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எதுவானாலும் என்னிடம் கேள் என்றார்.

பொலிஸ்காரன் கையைக் காட்டி அவரை நிறுத்தினான். பார்வையைச் செல்வமலரிடமிருந்து எடுக்கவில்லை.

செல்வமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ஹீ இஸ் மை ஹஸ்பண்ட்" என்றாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "ஹீ இஸ் ஆங்ரி. நோ ப்ரொப்ளம்."

பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று அவன் கேட்டான்.

"திஸ் இஸ் தேர் ஸ்கூல். ஷீ இஸ் த டீச்சர்." சந்திரவதனாவைக் காட்டிய கையைத் திருப்பித் தன் நெஞ்சில் வைத்தாள். "ஐ ஆம் ஆல்ஸோ ஸ்டூடன்ட்."

பொலிஸ்காரன் சிரித்தான். நல்லாய்ப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எப்போதிருந்து இது நடக்கிறது என்று கனகலிங்கம் சந்திரவதனாவைக் கேட்டார். பிள்ளைகளை நிறுத்தின அதே வாரத்திலிருந்து என்றாள். மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த செல்வமலரக்கா, ஒருநாள் கத்தியை வைத்துவிட்டுத் தானும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாவாம்.

மறுபடி கோபம் வந்தது அவருக்கு. செல்வமலர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை? உனக்கு என்ன குறை வைச்சனான்? இங்கிலீசு பேசி நீ ஆரோட என்ன கதைக்கப் போறாய்?"

செல்வமலர் அழுகிற சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இவையள் ஒரு இடமும் போகமாட்டினம்" என்றாள். பிறகு, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"வாற வியாழக்கிழமை டொக்டரிட்ட நீங்கள் வரவேண்டாம். இவ்வளவு வருசமும் எனக்கு எங்க நோகுதெண்டு நீங்கள்தானே அவருக்குச் சொன்னனீங்கள். இனி நான் சொல்லுறன்."