இருவருக்கும் ஊசி

"தள்ளி உட்காரு. மேல படாதே."

வேதவதி புடவைத் தலைப்பை இழுத்துச் சுருட்டிக்கொண்டாள். ஸ்ரீரங்கத்து மாமி மடி பார்க்கிறாள் என்று எதிரே வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் நினைத்திருப்பார்கள். மருமகள் ஸ்ம்ருதி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள்.

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்கள் வந்ததே ஒரு நம்பருக்காகத்தான். பிரசவம் தில்லை நகரில், பெரிய ஆஸ்பத்திரியில். ஆனால் கர்ப்பத்தை அரசாங்கத்தில் பதிந்து நம்பர் வாங்காவிட்டால் நாளைக்குக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. நம்பர் வேண்டுமென்றால் இங்கேயும் ரத்தம் கொடுத்தாக வேண்டும்.

ஸ்ம்ருதி கொடுத்தாள். சற்று முன்புதான் நர்ஸ் மும்தாஜ் உள்ளே கூப்பிட்டாள்.

"பெரியவங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

"மாட்டுப்பொண்ணு விஷயத்துல எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?"

"அம்மா இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள் ஸ்ம்ருதி.

மும்தாஜ் தயங்கினாள். "வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ்னு வந்திருக்கு."

ஏதோ சத்துக் குறைவு என்று ஸ்ம்ருதி நினைத்தாள். "அப்படின்னா?" என்று கேட்டாள். நர்ஸ் வாயைத் திறக்குமுன்பே வேதவதி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"பால்வினை நோய்ம்மா. சிஃபிலிஸ். பயப்படாதீங்க, ஊசியில குணமாயிடும். இப்பவே போட்டுட்டா வயித்துல இருக்கிற பிள்ளையையும் காப்பாத்திடலாம். உங்க வீட்டுக்காரரும் வரணும்."

"யார்கிட்டேருந்து வந்ததாம்?" வேதவதி கேட்டாள்.

"அதை இந்த டெஸ்ட் சொல்லாதும்மா. ரெண்டு பேருக்கும் இருந்தாலும், யாரு யாருக்குக் கொடுத்தாங்கன்னு தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் வேதவதி.

பெஞ்சுக்கு வந்ததும் காட்டூருக்குப் போன் போட்டாள்.

"சம்பந்தியா? உங்க பொண்ணை வந்து அழைச்சுண்டு போங்கோ. இனிமே எங்காத்துப் படி ஏற வேண்டாம். என்ன சமாசாரமா? சொல்ல வாய் கூசறது. ஹாஸ்டல்ல விட்டுப் படிக்க வெச்சேளே, அந்தப் படிப்பு இப்போ ரத்தத்துல தெரியறது."

போனை மருமகளின் மடியில் போட்டாள். ஸ்ம்ருதி எடுத்துக் காதில் வைத்தாள்.

"நிஜமாம்மா?" என்றார் அப்பா.

இருக்காது என்று அவர் சொல்லவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

கூப்பிட்டபோது உள்ளே போய்க் குப்புறப் படுத்தாள். இரண்டு பக்கமும் ஊசி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். ஹாஸ்டலில் யாருடைய துண்டையாவது எடுத்துத் துடைத்தோமா? ரயில் கக்கூஸா? பியூட்டி பார்லரா? கல்லூரியில் அபிராம் என்று ஒருவன் ஒரு தடவை கையைப் பிடித்திருக்கிறான். அதையும் சந்தேகப்பட்டாள்.

அவள் நொண்டிக்கொண்டு வெளியே வரும்போது கணவன் ஜகன்னாத் ஹெல்மெட்டும் கையுமாக நின்றிருந்தான். அம்மா அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ முணுமுணுத்தாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு வந்தான்.

"விடும்மா. நடந்தது நடந்துபோச்சு. அவளை அனுப்பறதைப் பத்தி அப்பறமா பேசிக்கலாம். என் ரத்தத்தையும் எடுத்துக்கட்டும்."

"உன் தங்கமான மனசுக்கு இவளா வந்து வாய்க்கணும்!" வேதவதி மூக்கை உறிஞ்சினாள்.

ஸ்ம்ருதிக்கு அந்த இடத்திலேயே அவன் காலில் விழலாம் போலிருந்தது. தவறே செய்யாதவள், மன்னித்ததற்காக நன்றி சொல்லக் காத்திருந்தாள்.

மும்தாஜ் கணவனையும் மனைவியையும் உள்ளே கூப்பிட்டாள். வேதவதி வாசற்படியில் நின்றுகொண்டாள். ரத்தம் எடுத்து முடித்ததும் ஜகன்னாத் சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"இருங்க சார், ஊசி இருக்கு."

"ரிசல்ட் வரட்டுமே சிஸ்டர்."

"எதுக்கு? சம்சாரத்துக்கு இருந்தா வீட்டுக்காரருக்கும் போட்டுடறதுதான் வழக்கம். இல்லாட்டி குணமான அவங்களுக்கு மறுபடி ஒட்டிக்கும். டாக்டர் எழுதிட்டாங்க." மும்தாஜ் மருந்துக் குப்பியைக் குலுக்கினாள். "பென்சிலின்தான். முன்னாடி எப்பவாவது போட்டிருக்கீங்களா? சிலருக்கு ஒத்துக்காது. மூச்சே நின்னுடும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ஜகன்னாத் ஸ்ம்ருதியைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"இல்ல."

"நிச்சயமாவா?"

"போட்டதே இல்ல சிஸ்டர்."

அவன் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. ஊசி என்றால் இவ்வளவு பயமா இவருக்கு என்று ஸ்ம்ருதிக்குப் பாவமாக இருந்தது. என்னால்தானே இந்த வேதனை என்று நினைத்துக்கொண்டாள்.

"முதல்ல தோல்ல துளி போட்டுப் பார்ப்போம்."

மும்தாஜ் அவன் முன்கையைப் பஞ்சால் துடைத்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஊசி முனை தோலுக்கு அருகில் போனது.

வாசற்படியிலிருந்து பாய்ந்து வந்த வேதவதி நர்ஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போடாதேம்மா! கல்யாணத்துக்கு முந்தி இந்த வியாதிக்கு இதே ஊசியைப் போட்டப்பவே எம் பிள்ளை செத்துப் பொழைச்சான்!"