தனியாக ஓட்டலாம்

ஓடுபாதையின் முனையில் நின்றபோதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

தோற்க வேண்டும்.

பெரிய பிழை எதுவும் வேண்டாம். வலப்பக்கம் திரும்பி, பரீட்சகரிடம் ஒரே ஒரு உதவி கேட்டால் போதும். தனி ஆளாக ஜெட் ஓட்ட இவளுக்குத் தகுதி இல்லை என்று எழுதிவிடுவார்.

பரீட்சகர் உட்கார்ந்திருந்த அந்த இருக்கை ஜெயசீலனுடையது. விமானி லைசென்ஸ் வாங்கியும் வேலை கிடைக்காமல், காந்திபுரத்துத் துணிக்கடை ஒன்றில் சட்டை மடித்துக்கொண்டிருந்தவன். மூன்று வருடமாக அவளுக்குத் துணை விமானி.

முதலாளி போன வாரம் சொல்லிவிட்டார்.

"சின்ன பிளேனுங்க. ஒருத்தரே ஓட்டலாம்னு சட்டமே சொல்லுது. நீங்க பாஸ் பண்ணீட்டா அந்தத் தம்பி எதுக்குங்க?"

அது தெரிந்தும், தினமும் கேள்வி கேட்டு அவளைத் தேர்வுக்குத் தயார் செய்தவன் ஜெயசீலன்.

விமானம் மேலெழுந்தது.

தரையை விட்ட சற்று நேரத்தில் ஒரு எஞ்சின் பழுதானால் என்ன செய்வாள் என்று சோதிக்க, பரீட்சகர் கை நீட்டி இடது எஞ்சினைத் தணித்தார். விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுத்தது.

இதுதான் சமயம். கேள்.

வாய் திறக்கவில்லை. அதற்குள் வலது கால் பெடலை மிதித்திருந்தது. மூக்கு நேரானது. கை சக்கரங்களை உள்ளே இழுத்தது. கண்ட்ரோல் டவரிடம் அவள் குரல் பதறாமல் பேசியது.

சரி, இறங்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.

இறங்கும்போது, ஜெயசீலன் சொல்ல வேண்டியதையும் அவளே சொன்னாள்.

"சக்கரம்?"

"இறங்கியாச்சு."

கேட்டதும் அவள். பதிலும் அவள். எந்த இடத்தில் கெடுப்பது என்று பிடிபடவே இல்லை.

டயர்கள் தரையைத் தொட்டதுகூடத் தெரியவில்லை.

"பிரமாதம்," என்று கை கொடுத்தார் பரீட்சகர். "இனி இந்த சீட்டுல உங்க பொட்டிய வெச்சுக்கலாம்."

சிரித்தபடி இறங்கிப் போனார்.

ஜெயசீலன் ஓடி வந்து ஏறினான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியுமுங்க மேடம். உங்களுக்குத் தப்புப் பண்ணவே வராது."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வழக்கம்போல வலப்பக்கம் உட்கார்ந்தான். அணைக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக வாசித்தான். அவள் ஒவ்வொன்றாக அணைத்தாள். விளக்கு. ஏசி. ரேடியோ.

"பேட்டரி," என்றான்.

அது கடைசி.

"ஜெயா," என்றாள். "முதல்ல இருந்து இன்னொருக்கா வாசி."