பாரீஸ் மெஷின் கேட்ட கேள்வி

"இந்த கேம் மெஷினைச் செய்யறவனுங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா மச்சான்?" என்று ஆரம்பித்தார் விஜயராகவன்.

ஆரம்பித்தே ஆகவேண்டிய நிலைமை. எதிரே டிவி திரையில் ஃப்ரெஞ்சில் ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு வார்த்தை. மனைவியின் அண்ணன் ஆனந்தராஜ், "என்ன கேக்குதுன்னு படிச்சு நீயே ஆரம்பிச்சு வை மாப்ள. ஃப்ரெஞ்சுதான் உனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே" என்று கன்ட்ரோலரை அவர் கையில் திணித்திருந்தார்.

பாரீஸிலிருந்து லீவில் வந்த ஆனந்தராஜ், தங்கச்சி மகள் சுடர்விழிக்கு வாங்கி வந்த மெஷின் அது. டியூஷன் முடிந்து பெண் உப்பளத்தில் இருக்கும் இந்த வீட்டுக்குத் திரும்புவதற்குள் ஓடவிட்டு வைக்கவேண்டும்.

விஜயராகவனுக்கு ஃப்ரெஞ்சில் தெரிந்தது வணக்கத்துக்கு போன்ழூர், நன்றிக்கு மெர்சி, தெருவுக்குத் தெருமுனை போர்டில் இருக்கும் 'ரூ'. அவ்வளவுதான் சரக்கு. ஆனால் போன வருஷம் மச்சான் போனில், எங்க முதலாளி கிடங்குக்கு ஃப்ரெஞ்சு தெரிஞ்ச சூப்பர்வைசர் ஒருத்தர் வேணும் என்று சொன்னபோது வாய் சும்மா இருக்குமா? எங்க தாத்தா ஃப்ரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவரு, எங்களுக்கு அது ரத்தத்துலயே ஓடுது என்று அளந்துவிட்டார்.

பாரீஸ் போகப்போகிறோம் என்று மனைவி ஜெயசித்ரா தெரு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. இந்த வெயிலில் பீரோ நிறைய ஸ்வெட்டர். வேலை பார்க்கும் மேட்டுப்பாளையம் கம்பெனியின் மேனேஜரிடம் விஜயராகவன் முறைத்துக்கொண்டு பேசியும் விட்டார். இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியாது என்று ஆகிவிட்டால் பாரீஸும் போச்சு, மேட்டுப்பாளையமும் போச்சு.

மச்சான் ஆழம் பார்க்கிறார். சந்தேகமே இல்லை.

அதனால்தான் மனசாட்சியை இழுத்தார். நாம சின்னப் பிள்ளையா இருந்தப்ப கேசட்டை உருவி ஒரு ஊது ஊதிச் சொருகினா ஓடும், ரெண்டே பட்டன், குதிக்க ஒண்ணு சுட ஒண்ணு, இப்ப பாருங்க ஆர்மோனியப் பெட்டி மாதிரி எத்தனை பட்டன் என்று கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பொழுதுபோக்க உட்கார்ந்தவனிடம் அக்கவுன்ட் திற, பாஸ்வேர்டு வை, வைத்த பாஸ்வேர்டு போதாது வேறு வை என்றால் என்ன நியாயம்?

மறுத்துப் பேசுவார் என்று பார்த்தால், ஆனந்தராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காசு கொடுத்து டிஸ்க் வாங்கினால் டிஸ்க்கில் கேமே இல்லையாம். நெட்டிலிருந்து இறக்கணுமாம். இறக்கி முடித்தால் அப்டேட், அப்டேட் முடித்தால் உள்ளே இடம் இல்லையாம். சரியான பகல் கொள்ளை என்றார்.

விஜயராகவனுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் போகவும் பார்த்தது. இரண்டு பேரும் ஒத்துப்போனால் பேச்சு முடிந்துவிடும். பேச்சு முடிந்தால் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

சட்டென்று கட்சி மாறினார். நம்ம ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லையே!

இருந்தாலும் காலத்துக்கு ஏத்த மாதிரி மெஷினும் வளரத்தானே வேணும், அந்தப் படத் துல்லியம் பழசுல வருமா என்று கேட்டார். ஆனந்தராஜ் விடவில்லை. படம் நல்லாயிருந்து என்ன, விளையாட்டு எங்கே என்று மடக்கினார். கொஞ்ச நேரம் கழித்து விஜயராகவன் மறுபடி பழைய கட்சிக்கே வந்தார். உடனே ஆனந்தராஜ் புதுசின் பக்கம் தாவினார். நல்ல மனுஷன், எதிர்த்துப் பேச ஒரு ஆள் இல்லாமல் விடவில்லை.

நடுவில் திரை தானாக மங்கிப்போனது. இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள். விஜயராகவனின் கட்டைவிரல் தெரியாத்தனமாக எதிலோ பட, அதே வரி மறுபடி பளிச்சென்று வந்து நின்றது.

ஆனந்தராஜின் மனைவி நிர்மலா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். இன்னுமா ஆரம்பிக்கல என்று கேட்டாள். ரொம்பச் சிக்கலான மெஷின் என்று இரண்டு ஆண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் கட்சி பேதம் இல்லை.

அவள் புருஷனைப் பார்த்தாள். "படிக்கணும்னா என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? அங்க வீட்டுக்கு வர்ற கரண்ட் பில்லையே நான்தானே படிச்சுச் சொல்றேன்."

ஆனந்தராஜ் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

விஜயராகவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மச்சான், நீங்க அங்க இருபது வருஷமா..."

"கிடங்கு பூரா நம்ம ஊர் ஆளுங்க மாப்ள. தமிழ்லயே காலம் ஓடிப்போச்சு" என்றார் ஆனந்தராஜ், குரல் இறங்கி. "வர்ற காயிதத்தைப் படிக்க ஒருத்தன் இல்லன்னுதான் முதலாளிகிட்ட உன்னைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன்."

பீரோவில் இருக்கும் ஸ்வெட்டர்கள் விஜயராகவனின் கண்முன் வந்து போயின. உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்தது. மேனேஜரிடம் நாளைக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது?

"சரிம்மா, அதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் பேசியதில் நிஜமான பேச்சு அது ஒன்றுதான்.

நிர்மலா கன்ட்ரோலரை வாங்கி ஒரே ஒரு பட்டனை அமுக்கினாள். கட்டத்துக்குள் இருந்த வார்த்தை போய் 'இங்கிலீஷ்' வந்தது.

"சிக்கல் ஒண்ணும் இல்லண்ணே. உங்களுக்கு என்ன பாஷை தெரியும்னு கேக்குது, அவ்வளவுதான்."